ஒப்புக்கொடுத்த காய்ச்சல்

முழங்கை வரை சோப்புப் போட வேண்டும், விரலிடுக்கில் தேய்க்க வேண்டும், நகங்களை உள்ளங்கையில் வைத்துச் சுரண்ட வேண்டும் என்று குழாய்க்கு மேலே படம் ஒட்டியிருக்கிறார்கள், நான் எல்லாவற்றையும் செய்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். "ஏம்மா, கைய என்ன வெளுக்கப் போட்டிருக்கியா" என்று பின்னாலிருந்து கேட்டுவிட்டுப் போகிறார் ராஜகனி சிஸ்டர், இந்த வார்டில் மாலை ஷிப்ட் அவருடையது, டாக்டரைத் தவிர எல்லாரும் அவருக்கு ஏம்மாதான். கை வெளுத்துத்தான் போயிருக்கிறது, விரல்நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிக் கிழவி கை மாதிரி. கான்வென்டில் திங்கட்கிழமைதோறும் கையை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார்கள், என் நகத்தில் ஒருநாளும் அழுக்கு இருந்ததில்லை, சுத்தத்துக்கென்று ஒரு வருஷம் எனக்குப் பதக்கம்கூடக் கொடுத்தார்கள், ஃபிளாவியா ரொம்ப நல்ல பிள்ளை. அந்த நல்ல பிள்ளைக்குள்ளேதான் அது இருந்தது. கையில் இருப்பது தண்ணீரோடு போய்விடும், கையே எட்டாத இடத்தில் இருந்ததை என்ன செய்ய, அதுதானே அவனைச் சுட்டது. அவன் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான், ஏழாம் மாதத்தில் வெளியே வந்துவிட்ட என் மகன், கால் கட்டைவிரல் தண்டிக்கூட இல்லாத கணுக்காலில் 'பேபி ஆஃப் ஃபிளாவியா' என்று பட்டை கட்டியிருக்கிறார்கள். என்னுடையவன் என்று எழுதியே கட்டியிருக்கிறது. நான் இன்னும் அவனைத் தூக்கவில்லை. தூக்காதே என்று யாரும் சொல்லவில்லை, நான்தான் தினமும் சொல்கிறேன், சிஸ்டர், எனக்கு ஜலதோஷம் இன்னும் விடல. ஜலதோஷம் என்றால் பிள்ளையைத் தொட விடமாட்டார்கள், அது இங்கே சட்டம். எனக்கு ஜலதோஷம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் அடித்தபோது ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை, இப்போது இல்லாத சளியை வாய் கூசாமல் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே முகம்தான் வைத்துக்கொள்கிறேன், கண்ணைத் தாழ்த்தி, லேசாகச் சிரித்து. அந்த முகத்தை எல்லாரும் நம்புகிறார்கள்.

பால் எடுக்கிற அறையில் முப்பிடாதி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். கயத்தாறுப் பக்கம் ஒரு ஊர், அவளுடைய பெண்பிள்ளை என் மகனுக்கு அடுத்த பெட்டி. மெஷின் கர்ரென்று இழுத்து உஸ்ஸென்று விடுகிறது, கர், உஸ், அவள் அதற்குத் தக்கபடி காலை ஆட்டுகிறாள். "வாங்க மேடம், சொசைட்டில பால் ஊத்த நேரமாயிட்டுல்லா." போனில் நான் இங்கிலீஷில் எதையோ படிப்பதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மேடம் பட்டம். "எங்க வீட்டு எருமை இம்புட்டு நேரம் நின்னுச்சுன்னா கேன் நெறஞ்சிரும். எனக்குப் பாருங்க, மருந்து மூடி அளவு வருது. எங்க வீட்டுக்காரரு கேக்காரு, வேணும்னா புண்ணாக்கு வாங்கிட்டு வரட்டான்னு." நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது, சிரிக்கிற நிலையிலா இருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் அவனுக்கு மூக்கில் குழாய். "இன்னைக்காவது பிள்ளையத் தூக்குவீங்களா?" "சளி இருக்குல்லா முப்பிடாதி." "மூக்கு ஒழுகவே காணோமே." "மாத்திரை போட்டிருக்கேன்." "என்ன மாத்திரைன்னு சொல்லுங்க, எங்க மாமியாருக்கு வாங்கிக் குடுக்கணும், வருஷம் பூரா ஒழுகுது அதுக்கு." ஒரு பொய்க்கு இன்னொரு பொய், அதற்கு ஒரு மாத்திரையின் பெயர் வேறு. நான் புனலை மாரில் பொருத்திக்கொண்டு பொத்தானை அமுக்குகிறேன். முதலில் ஒன்றும் வராது, வலிக்கும், பிறகு ஒரு சொட்டு, வெள்ளைகூட இல்லை, லேசான மஞ்சள். இந்தப் பாலுக்கு நீ ஏன் பயப்படவில்லை என்று என்னையே கேட்டிருக்கிறேன், இதுவும் அதே உடம்பிலிருந்து வருவதுதானே. பால் பாட்டிலுக்குப் போகிறது, பாட்டிலுக்கு மூடி உண்டு, மூடிக்கு மேல் பெயர் ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்து, சிஸ்டர் கையுறை போட்டு எடுத்து, குழாய் வழியாக இறக்குகிறார். அத்தனை கை மாறிப் போவதற்குள் நான் அதிலிருந்து கழிந்துபோய்விடுவேன் என்று ஒரு நம்பிக்கை. நேராக, தோல்மேல் தோல், என் மாரில் அவன் வயிறு, அதற்குத்தான் முடியவில்லை. அதற்கு அவன் அப்பா வருவார். அன்சல்ம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே குளித்து, துவைத்த சட்டை மாற்றி, நிலக்கரித் தூசு காதுக்குள்கூட இல்லாதபடி துடைத்துக்கொண்டு வருவார், சட்டையைத் திறந்து மகனை நெஞ்சில் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடப்பார், ராஜகனி சிஸ்டர் வாசலிலிருந்து கூப்பிடுவார், "கங்காரு அப்பா வந்தாச்சா?" நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். அவர் நெஞ்சு முடிக்குள் முகம் புதைத்து அவன் தூங்குவதை. பொறாமையாக இருக்கும், பொறாமைப்படத் தகுதி உண்டா என்று அடுத்த நிமிஷம் இருக்கும்.

கர், உஸ். ஒரு சொட்டு. வைக்கோல். எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த வைக்கோலில் வந்துதான் நிற்கிறது மனசு. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வந்தால் போர்டிங் சிற்றாலயத்தில் ஒரு காலித் தொட்டில் வைப்பார்கள், பக்கத்தில் ஒரு கூடை வைக்கோல். ஒரு ஒறுத்தல் செய்தால் ஒரு வைக்கோல் எடுத்துத் தொட்டிலில் போடலாம், கிறிஸ்துமஸ் அன்று பாலன் வந்து படுக்கும்போது முதுகு குத்தாமல் இருக்க வேண்டாமா என்று மதர் எமரன்சியானா சொல்வார். சீனி போடாமல் டீ குடித்தால் ஒரு வைக்கோல். கொசு கடிக்கும்போது சொறியாமல் இருந்தால் ஒரு வைக்கோல். முழங்காலில் நின்று ஜெபமாலை முடியும் வரை ஒன்றுக்கு அடக்கிக்கொண்டால் ஒரு வைக்கோல். வலித்தால் சொல்லாதே, ஒப்புக்கொடு. ஏசுவே, இதை உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டால் அந்த வலி வீணாகாது, எங்கோ யாருக்கோ நல்லதாகப் போய்ச் சேரும். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்ல வேண்டாம், ரொம்பப் பிடித்திருந்தது, எல்லாரையும்விட அதிகமாக நான் போட்டேன். கல்யாணமாகி, பேங்க் வேலைக்குப் போய், வயிற்றில் பிள்ளையோடு டிசம்பர் வந்தபோது, மாமி, அன்சல்மின் அம்மா, முன்னறையில் குடில் ஜோடித்துவிட்டு, "உனக்கு ஒறுத்தல் எல்லாம் கிடையாது மக்களே, நல்லா சாப்பிடு, வாயும் வயிறுமா இருக்கவ" என்றார்கள். சாப்பிட்டேன். ஆனால் உள்ளே ஒரு வெறுமை, எல்லாரும் எதையோ கொடுக்கிறார்கள், நான் மட்டும் தின்றுகொண்டே இருக்கிறேன். அந்த வாரம்தான் ஒன்றுக்குப் போகும்போது எரிய ஆரம்பித்தது. அந்த இடத்துக்குப் பெயர் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை, கான்வென்டில் இடுப்புக்குக் கீழே முழங்கால் வரை ஒன்றுமே இல்லாத மாதிரிதான் வளர்ந்தோம். மாதாந்திரச் செக்கப்பில் டாக்டர் கேட்டார், எரிச்சல், கடுப்பு, வெள்ளைப்படுதல் ஏதாவது? நல்லா இருக்கேன் டாக்டர். அந்த முகம், கண்ணைத் தாழ்த்தி, லேசாகச் சிரித்து. பிறகு சாயங்காலமானால் நடுக்கம், போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடப்பேன், அன்சல்ம் நெற்றியைத் தொட வந்தால் திரும்பிப் படுத்துக்கொள்வேன், அசதியா இருக்கு. மாத்திரைகூடப் போடவில்லை. இது என் வைக்கோல், இது என் பிள்ளை நல்லபடியாகப் பிறப்பதற்கு என்று ஒப்புக்கொடுத்தேன். பிள்ளைக்காகவே ஒப்புக்கொடுத்தேன் என்பதை நினைத்தால், கர், உஸ், நினைக்காதே, பாட்டிலைப் பார்.

முட்டாளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நான் டிகிரி படித்தவள். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போக வேண்டும் என்று தெரியாதா. தெரியும். அந்தத் தெரிதல் ஒரு அறையில் இருந்தது, நான் வேறு அறையில் இருந்தேன், நடுவே கதவைத் திறக்கத் தோன்றவில்லை. அதற்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லியும் பிரயோஜனமில்லை. பொறுத்துக்கொள்கிறேன், யாருக்கும் தெரியாமல் பொறுத்துக்கொள்கிறேன் என்கிற சந்தோஷம். பனிக்குடம் உடைந்தபோது அந்த நீரில் வாடை இருந்தது. எல்லாருக்கும் முன்னால் அதை முகர்ந்தது நான். மீன் அலசிய தண்ணீர் மாதிரி, இல்லை, அதைவிட இனிப்பாக, இனிப்பு கலந்த நாற்றம். அங்கேயே, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், எத்தனை நாள் எரிச்சல், எத்தனை நாள் நடுக்கம், டாக்டர் எழுதிக்கொண்டார், அன்சல்ம் கேட்டுக்கொண்டு நின்றார், மாமியும். யாரும் திட்டவில்லை. அன்சல்ம் என் காலைத் தேய்த்துவிட்டார். மாமி, "போகட்டும் மக்களே" என்றார்கள், என்ன போகட்டும், எங்கே போகட்டும். தையல் வலியோடு கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டேன், அங்கேயாவது அடி விழும் என்று. ஃபாதர் சின்ன வயசுக்காரர், "இது பாவமே இல்லம்மா, தெரிஞ்சா செஞ்சீங்க" என்றார். அபராதம் என்று ஒன்று உண்டே, அதைச் சொல்லுங்க ஃபாதர் என்று நான் விடாமல் நிற்க, தர்மசங்கடமாக, "சரி, ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்க" என்றார். ஒன்று. தங்கச்சி ரப்பரைத் திருடியதற்கு எனக்கு மூன்று கிடைத்திருக்கிறது.

"மேடம், ஒங்க பாட்டில் சரியுது" என்கிறாள் முப்பிடாதி. நிமிர்த்துகிறேன். இந்த வார்டு டாக்டர் சுபைதா சொன்னது வரிக்கு வரி அப்படியே இருக்கிறது, பேங்க் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வந்த அன்று என்னையும் அன்சல்மையும் உட்காரவைத்துச் சொன்னார். "நஞ்சு முழுக்க அழற்சி. அது அம்மா பக்கத்து வேலை, உங்க உடம்பு கிருமியோட சண்டை போட்டது. ஆனா தொப்புள்கொடிச் சுவர்லயும் வெள்ளை அணுக்கள் ஏறி நிக்குது. அது உங்களோடது இல்ல. அவனோடது. உள்ள இருந்துக்கிட்டே அவன் சண்டைக்கு வந்திருக்கான்." அன்சல்முக்கு முகம் மலர்ந்துவிட்டது, "நம்ம பய" என்றார். கட்டைவிரல் கனம்கூட இல்லாத ஈரல், மஜ்ஜை, அதிலிருந்து ஆள் திரட்டி அனுப்பியிருக்கிறான், நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். இனி என்ன ஆகும் டாக்டர் என்று கேட்டேன். "வயித்துல இருக்கிற பிள்ளையோட எதிர்ப்பு சக்தி தூங்குதுன்னு நினைப்போம். தூங்கல. அடங்கி இருக்கப் பழகிக்கிட்டு இருக்கு. அம்மாவோட செல் கொஞ்சம் அதுக்குள்ள போகும், இவ நம்ம ஆளு, இவகூடச் சண்டை வேண்டாம்னு கத்துக்கும். அந்தப் பாடம் நடக்கிற நேரத்துல உள்ள தீப்பிடிச்சா, பாடம் கொஞ்சம் மாறிப்போகும். பிறகு சில பிள்ளைங்களுக்குச் சின்ன விஷயத்துக்கும் பாய்ஞ்சுக்கிட்டு வரும், தூசு, சளி, எது பட்டாலும் இளைப்பு மாதிரி. சில பிள்ளைங்களுக்கு அலுத்துப்போய், வர வேண்டிய நேரத்துல வராது. நிறைய பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே ஆகாது. எலியில பாத்திருக்காங்க, குரங்குல பாத்திருக்காங்க. உங்க மகன் இதுல எதுன்னு சொல்ற டெஸ்ட் என்கிட்ட இல்ல, யார்கிட்டயும் இல்ல." அடங்கி இருக்கப் பழகுவது. அந்த வார்த்தையில் போய் என் மனசு மாட்டிக்கொண்டது, சேலை முந்தானை ஆணியில் மாட்டிய மாதிரி, இழுத்தால் கிழியும். நான் பன்னிரண்டு வருஷம் போர்டிங்கில் கற்றதும் அதுதானே. அவனுக்கு என் வயிறு போர்டிங். அடங்கக் கற்றுத்தர வேண்டிய இடத்தில், அடங்கிப்போன ஒருத்தி வாயை மூடிக்கொண்டு கிடந்ததால், அவன் கத்த வேண்டியதாகிவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் ஒரு அணுவைக்கூட அனுப்பியிருக்க வேண்டாம். இவ நம்ம ஆளு என்று கற்க வேண்டியவன் என்னைப் பற்றி என்ன கற்றிருப்பான்.

அதனால்தான் தூக்கவில்லை. டாக்டர் அதற்கும் பதில் வைத்திருந்தார், எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிற பதில், "தோலோட தோல் வையுங்க, உங்க தோல்ல இருக்கிற கிருமிங்கதான் அவனுக்கு முதல்ல அறிமுகமாகணும், அப்பதான் எது ஊரு, எது அசலூருன்னு உடம்பு படிக்கும். ஆஸ்பத்திரிக் கிருமிகிட்ட படிக்கவிடாதீங்க." மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். எனக்கு 'உங்க கிருமி' என்பது மட்டும்தான் கேட்டது. என் கிருமியை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான் டாக்டர், அறிமுகமெல்லாம் ஆகிவிட்டது. போனில் தேடினேன், படித்துப் படித்துக் கண் எரிந்தது, ஒரு பக்கம் ஒன்று சொல்லும், அடுத்த பக்கம் அதற்கு நேர்மாறாகச் சொல்லும், ஒரு கட்டுரையில் அழற்சி பட்ட குழந்தைக்கு நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படலாம் என்று போட்டிருந்தது, அதைப் படித்து ஒரு சாயங்காலம் பூராவும் சந்தோஷமாக இருந்தேன், பிறகு இரண்டு வரி தள்ளி ஆனால் என்று இருந்தது. ஆனால் என்ற வார்த்தையை நான் ஏன் அன்று தவறவிட்டேன், வேண்டுமென்றே தவறவிட்டேனா. இவன் ஐந்து வயதில் நிலக்கரிக் காற்றில் ஓடும்போது இளைத்தால் அது நான். பத்து வயதில் சாதாரணச் சளி நெஞ்சுக்கு இறங்கினால் அது நான். ஒன்றுமே ஆகாமல் வளர்ந்து மீசை வைத்து நின்றாலும் ஒவ்வொரு தும்மலிலும் நான் எட்டிப் பார்ப்பேன். பிறந்த அன்றைக்கே மாமி அவனுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள், டாக்டர் சுபைதாவிடம் கெஞ்சி, ஊசிக்கு வைத்திருக்கிற சுத்தத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு, சிஸ்டர் பஞ்சில் நனைத்துக் கொடுக்க, மாமி பெட்டி ஓட்டைக்குள் கையை விட்டு நெற்றியில் வைத்து, இஞ்ஞாசி என்று பேர். மாமனாருடைய அப்பா பேர். ஜென்மப் பாவம் போய்விட்டது என்று மாமி வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஞானோபதேச வகுப்பில் நான் கேட்டிருக்கிறேன், பிறக்காத பிள்ளை என்ன பாவம் செய்திருக்கும் மதர் என்று, அது செய்த பாவமல்ல, வந்த பாவம் என்றார் மதர், அன்றைக்கு விளங்கவில்லை. இப்போது நன்றாக விளங்குகிறது. ஆதாம் ஏவாள் வரை போக வேண்டியதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீருக்கு அது போகுமென்றால் இது போகுமா, கொடிச் சுவரில் ஏறி நின்ற அணுக்கள் இறங்கிவிடுமா, பாடம் மாறியது திரும்ப மாறுமா என்று யாரிடம் கேட்பது, ஃபாதர் டாக்டரிடம் கேள் என்பார், டாக்டர் டெஸ்ட் இல்லை என்பார்.

கதவில் நிழல். அன்சல்மின் நடை எனக்குத் தெரியும், வலது செருப்பைக் கொஞ்சம் இழுப்பார். முப்பிடாதி துண்டை மாரில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வந்துட்டாரு ஒங்க கங்காரு" என்கிறாள். அவர் உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியே தள்ளி நிற்கிறார், மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. "ஏ பிள்ள, நான் இன்னைக்கு உள்ள போகல. தொண்டை கரகரன்னு இருக்கு, காலையில இருந்து ரெண்டு தும்மல். சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்." நான் பாட்டிலோடு எழுந்து நிற்கிறேன். "மாமிய வரச் சொல்லுங்க." "அம்மைக்கு முட்டி வீங்கிப்போய்க் கெடக்கு, மாடி ஏற மாட்டாக." "ரெண்டு தும்மல்தான." "ரெண்டுன்னாலும் தும்மல்தான பிள்ள. அவனுக்கு ஒட்டிக்கிட்டா?" எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். தொண்டை கரகரக்கிறது. வயிறு சரியில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. இந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் இப்படித்தான், கொட்டாவி வந்தால்கூடச் சொல்லிவிட்டு விடுவார், அதற்காகக் கல்யாணமான புதிதில் மனசுக்குள் அவரை ஒரு படி கீழேயே வைத்திருந்தேன், பொறுமை தெரியாத மனுஷன். அவர் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து என்னையே பார்க்கிறார். அவருக்குத் தெரியும். எனக்கு எந்தச் சளியும் இல்லை என்று இத்தனை நாளும் தெரியும், ஒரே படுக்கையில் படுக்கிறவர், என் மூச்சு அடைக்காமல் போய்வருவதைக் கேட்கிறவர், தெரிந்துகொண்டே ஷிப்ட் முடிந்து ஓடி ஓடி வந்து சட்டையைத் திறந்திருக்கிறார். "இன்னைக்கு யாரும் எடுக்கலேன்னா பெட்டிக்குள்ளயே கெடக்கட்டும், ஒரு நாள்தான" என்று மெதுவாகச் சொல்கிறார். திட்டுகிற குரலே இல்லை. திட்டியிருக்கலாம். நான் அவரைத் தாண்டிப் போகிறேன், தாண்டும்போது அவர் சுவரோடு ஒட்டி ஒதுங்குகிறார், என்மேல் மூச்சுப் படாமல்.

ராஜகனி சிஸ்டர் மேஜையில் ஊசி மருந்தை விளக்குக்கு நேரே பிடித்துக் குமிழ் தட்டிக்கொண்டிருக்கிறார். "சிஸ்டர்." "பாட்டில ஃபிரிட்ஜில வையும்மா, பேரு ஒட்டி." "சிஸ்டர், எனக்கு ஜலதோஷம் இல்ல." "விட்டுட்டா? நல்லதாப் போச்சு." "விடல. இருந்ததே இல்ல. நான் சும்மா சொன்னேன்." அவர் ஊசியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்க்கிறார், இதோ வரப்போகிறது, இத்தனை நாள் காத்திருந்த அடி. "அட கூறுகெட்டவளே" என்கிறார், "நான் என்னமோ ஒனக்கு ஆவி பிடிக்க நொச்சி இலை கொண்டுவரணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நைட்டிய முன்னால திறந்துக்கிட்டு அந்த நாற்காலியில சாய்ஞ்சு உக்காரு." அவ்வளவுதான். சிஸ்டர், நான் சூடாக இருக்கிறேனா என்று பாருங்க, ஒருதரம் பாருங்க என்று நெற்றியை நீட்டுகிறேன், காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, ஒன்றுக்கு நல்லாப் போகுது, வெள்ளைப்படல, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகிறேன், வேறொரு பெட்டியைப் பார்க்க வந்த யாரோ ஒருத்தியின் புருஷன் தலையைத் திருப்பிக்கொள்கிறான், நான் நிறுத்தவில்லை. சிஸ்டர் தெர்மாமீட்டரைக் கக்கத்தில் செருகி எடுத்துக் காட்டுகிறார், "போதுமா?" பெட்டியின் கதவு திறக்கிறது. குழாய், ஒயர், தொப்பி, அதற்கு நடுவே அவன், சிஸ்டரின் இரண்டு கைகளுக்குள் அடங்கி வந்து என் மாரில் இறங்குகிறான். கனமே இல்லை. ஈரமான ஒரு இலை ஒட்டிக்கொண்ட மாதிரி. வயிறு மட்டும் சுடுகிறது, இது சூடு சரியான சூடா, சிஸ்டர், இது சரியான சூடா. "பிள்ளைன்னா சூடாத்தான் இருக்கும்." துணியால் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டுகிறார். அவன் தலை என் தாடைக்குக் கீழே, தொப்பிக்கு வெளியே ஒரு பிடி முடி, இஞ்ஞாசி, நான்தான். நான் மூச்சு விடவே பயப்படுகிறேன். என் தோலில் இருந்து என்னென்ன இப்போது நடந்து போகின்றன அவன் தோலுக்கு, கண்ணுக்குத் தெரிந்தால் எறும்புச் சாரை மாதிரி தெரியுமோ. போங்கள். நல்லதுகள் மட்டும் போங்கள். அப்போதுதான் பக்கத்து மெஷின் டிங் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பிக்கிறது, பச்சை எண் இறங்குகிறது, மஞ்சளாகிறது, என் மாரில் அந்தச் சின்ன ஏற்ற இறக்கம் நின்றுபோயிருக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு முதலிலேயே தெரியும், என்மேல் வைத்தால் இதுதான் நடக்கும். "சிஸ்டர், எடுத்திருங்க, எடுத்திருங்க" என்று வருகிறது வாயில், சத்தம் வரவில்லை. ராஜகனி சிஸ்டர் அவசரமே இல்லாமல் வந்து துணிக்குள் கையை விட்டு அவன் உள்ளங்காலைச் சுண்டுகிறார், கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி. ஒன்று. இரண்டு. அவன் திடுக்கிட்டு, ஒரு பெரிய மூச்சு இழுக்கிறான். எண் ஏறுகிறது. "நம்ம குட்டி சார் மூச்சு விட மறந்துட்டாரு" என்கிறார் சிஸ்டர், "இந்தப் பருவத்துல மறப்பாங்க. அப்பன் நெஞ்சுலயும் நாலைஞ்சு தரம் மறந்திருக்கான், பெட்டிக்குள்ளயும் மறப்பான். ஒன்னால இல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயந்துட்டேன்னா குடு, பெட்டியில வச்சிருதேன். நாளைக்குப் பாத்துக்கலாம்."

கொடுத்துவிடலாம். கை நீட்டியபடி நிற்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அன்சல்ம் கைக்குட்டையை இறக்க மறந்து நிற்கிறார். கொடுத்துவிட்டால் அவன் பத்திரம், அது அப்படி இல்லை என்று இப்போதுதான் சொன்னார்கள், என் உடம்பு நம்பவில்லை, என் உடம்பு எதையும் சீக்கிரம் நம்பாது. "இல்ல சிஸ்டர்" என்கிறேன், "இருக்கட்டும். பயமாத்தான் இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. எப்படிச் சுண்டணும்னு எனக்குக் காட்டிக்குடுங்க." அவர் என் கையைப் பிடித்துத் துணிக்குள் விட்டு, அவன் காலடியில் கொண்டுபோய் வைக்கிறார். உள்ளங்கால் என் ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை, மெத்தென்று, ஒரு கோடுகூட இல்லாமல். பெருவிரலில் ஆள்காட்டி விரலை மடக்கி அங்கேயே வைத்துக்கொள்கிறேன். அடுத்த தரம் அவன் மறந்தானென்றால், சிஸ்டர் வருவதற்குள் நானே சுண்டுவேன்.